காட்டு லூபினை விதையிலிருந்து வளர்க்க: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரல் பாதி வரை டெக்சாஸ் நெடுஞ்சாலைகளின் இருமருங்கும் நீலமாகக் கிடக்கும். பிள்ளைகளை அந்தப் பூக்களுக்கு நடுவே உட்காரவைத்துப் படம் எடுப்பது அங்கே தலைமுறைகளாக இருக்கும் வழக்கம். ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டன. அந்தப் பூ ப்ளூபானெட். வடகிழக்கில் நியூயார்க், நியூ ஜெர்சி தொடங்கி மிச்சிகன், விஸ்கான்சின் வரை மணற்பாங்கான நிலங்களில் மே, ஜூன் மாதங்களில் பூக்கும் நீலப்பூ இன்னொன்று. இரண்டும் லூபின்கள்தான். அவரையும் துவரையும் கொள்ளும் சேர்ந்த பயறுக் குடும்பத்தில் இவையும் அடக்கம்.

படம் எடுத்துத் திரும்பியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, வீட்டுக் கொல்லையிலும் இதை வளர்க்க வேண்டும் என்பது. தாராளமாக வளர்க்கலாம். ஆனால் கத்தரிக்கும் தக்காளிக்கும் பழகிய கை லூபினை எளிதில் கொன்றுவிடும். உரம் போடுவது, தினமும் தண்ணீர் ஊற்றுவது, பிடுங்கி வேறிடத்தில் நடுவது என்று நாம் அக்கறையாகச் செய்யும் பல காரியங்கள் இதற்கு ஆகாதவை. அதனால் இந்தப் பட்டியலில் செய்ய வேண்டியவற்றைவிடச் செய்யக்கூடாதவை அதிகமாக இருக்கும்.

விதை வாங்கும் முன்

செய்ய வேண்டியவை:

- உங்கள் பகுதியில் இயற்கையாக விளையும் லூபின் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். லூபினஸ் என்ற பேரினத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. டெக்சாஸின் நடுப்பகுதிக்கு லூபினஸ் டெக்சென்சிஸ். கிழக்கு அமெரிக்காவுக்கு லூபினஸ் பெரெனிஸ். ஓரிகனின் வில்லமெட் பள்ளத்தாக்குக்கு கின்கெய்ட் லூபின். கலிபோர்னியாவிலோ மலைக்கு ஒன்று, கடற்கரைக்கு ஒன்று, பாலைக்கு ஒன்று என்று டஜன் கணக்கில் இருக்கின்றன. ஆஸ்டினில் உள்ள லேடி பேர்ட் ஜான்சன் காட்டுப்பூ மையம் தொகுத்து வைத்திருக்கும் தாவரப் பட்டியலில் ஒவ்வோர் இனமும் எந்தெந்த மாநிலத்துக்கு உரியது என்று பார்க்கலாம்.

- உறையில் தாவரவியல் பெயர் முழுதாக அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். ‘பல்லாண்டு லூபின்’ என்ற பொருளில் ‘பெரெனியல் லூபின்’ என்று எழுதியிருப்பதை லூபினஸ் பெரெனிஸ் என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. பல ஆண்டு உயிர்வாழும் எந்த லூபினையும் அப்படி எழுதி விற்கலாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் தோட்ட ரகம்.

- உங்கள் மாநிலத்திலோ பக்கத்து மாநிலத்திலோ விளைந்த விதையைக் கேட்டு வாங்குங்கள். ஒரே இனம்தான் என்றாலும் புளோரிடாவில் விளைந்த பெரெனிஸும் மினசோட்டாவில் விளைந்த பெரெனிஸும் ஒரே குளிருக்குப் பழகியவை அல்ல.

செய்யக்கூடாதவை:

- பெரிய மலர்க்கதிர், பல நிறம், நான்கடி உயரம் என்று படம் போட்ட உறையைக் காட்டுப்பூ என்று நம்பி வாங்காதீர்கள். அது அநேகமாக ரஸ்ஸல் லூபினாக இருக்கும். இங்கிலாந்தில் யார்க் நகரத்துத் தோட்டக்காரர் ஜார்ஜ் ரஸ்ஸல் பல ஆண்டுகள் தேர்ந்தெடுத்து வளர்த்து 1937இல் மக்களுக்குக் காட்டிய கலப்பு ரகம் அது. அதன் முக்கியத் தாய், அமெரிக்காவின் மேற்குக் கரைக்குரிய லூபினஸ் பாலிஃபில்லஸ். அழகான தோட்டச் செடி, மறுக்கவில்லை. ஆனால் நாம் பேசும் காட்டுச் செடி அது அல்ல.

- மேற்கின் லூபினைக் கிழக்கில் விதைக்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் மேய்ன் மாநிலம். அங்கே ஜூன் மாதச் சாலையோரங்களில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக நிற்பவை அந்த மண்ணின் பூக்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அவை தோட்டங்களிலிருந்து தப்பிப் பரவிய பாலிஃபில்லஸ். பார்பரா கூனி 1982இல் எழுதி வரைந்த ‘மிஸ் ரம்ஃபியஸ்’ என்ற சிறுவர் நூலின் நாயகி, போகுமிடமெல்லாம் லூபின் விதையைத் தூவி உலகை அழகாக்குகிறாள். அதைப் படித்து வளர்ந்த பிள்ளைகளும் பெற்றோரும் அதே அன்போடு விதை தூவினார்கள். அந்த அன்பில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மேய்னின் சொந்த லூபினான பெரெனிஸ் இன்று அந்த மாநிலத்துக் காடுகளில் இல்லை. பக்கத்து மாநிலங்களில் எஞ்சியிருக்கும் பெரெனிஸோடு பாலிஃபில்லஸ் கலந்து கலப்பினம் உண்டாகும் அபாயமும் இருக்கிறது.

- ஒரே மாநிலம்தானே என்றும் நினைக்க வேண்டாம். மஞ்சள் புதர் லூபின் கலிபோர்னியாவின் நடுக்கரைக்கும் தென்கரைக்கும் உரியது. அதே மாநிலத்தின் வடகோடியில் ஹம்போல்ட் விரிகுடா மணல்மேடுகளில் நட்டபோது அங்குள்ள சிறு செடிகளை மூடிப் பரவிவிட்டது. இன்று அதைப் பிடுங்குவதற்கு ஆட்கள் உழைக்கிறார்கள்.

- தமிழ்நாட்டுக்கு விதை கொண்டுவந்து மலைகளில் தூவ வேண்டாம். மண்ணரிப்பைத் தடுக்க 1945இல் அலாஸ்காவிலிருந்து ஐஸ்லாந்துக்குக் கொண்டுபோன லூபின், இன்று அந்நாட்டின் பாசிப் பரப்புகளையும் குறுஞ்செடிகளையும் விழுங்கிக்கொண்டிருக்கிறது. நியூசிலாந்தின் ஆற்றுப்படுகைகளில் பறவைகள் முட்டையிடும் சரளைத் திட்டுகளை ரஸ்ஸல் லூபின் மூடுகிறது. நீலகிரியின் புல்வெளிகளில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஸ்காட்ச் புரூம் என்ன செய்திருக்கிறது என்பதை ஊட்டிக்காரர்கள் அறிவார்கள். அதுவும் இதே பயறுக் குடும்பம், அதுவும் நெற்று வெடித்து விதை சிதறும் செடி.

இடமும் மண்ணும்

லூபின் ஏழை மண்ணின் செடி. அதன் வேர்களில் சிறு முடிச்சுகள் உண்டு. அவற்றில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. தன் உணவைத் தானே தேடிக்கொள்ள முடிவதால்தான் வேறு செடிகள் திணறும் மணலிலும் சரளையிலும் இது செழிக்கிறது. வளமான மண்ணில் வைத்தால் புல்லும் களையும் முந்திக்கொண்டு இதை அமுக்கிவிடும்.

- வெயில் நன்றாக விழும் இடமாகப் பாருங்கள். ப்ளூபானெட்டுக்கு நாளெல்லாம் வெயில் வேண்டும். பெரெனிஸ் சற்று நிழலையும் தாங்கும். ஓக் மரங்கள் விட்டுவிட்டு நிற்கும் திறந்த காடுதான் அதன் பிறந்த வீடு.

- மண்ணின் தன்மையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே பேரினத்தின் இரு இனங்கள் நேரெதிர் மண்ணைக் கேட்கின்றன என்பது பலர் கவனிக்காத விஷயம். பெரெனிஸுக்கு அமிலத்தன்மையுள்ள மணல் வேண்டும். டெக்சென்சிஸுக்குச் சுண்ணாம்புப் பாறை கலந்த காரமண் ஒத்துக்கொள்ளும். மண் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் சுண்ணாம்போ கந்தகமோ போடாதீர்கள்.

- மழை பெய்த மறுநாள் அந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். களிமண்ணில் குழி தோண்டி மணலை நிரப்பி நடுவதும் உதவாது, அந்தக் குழியே தொட்டியாகி நீரைத் தேக்கும்.

- புல்தரையைக் கொத்தி நீக்கி, வெற்று மண் தெரியும்படி பாத்தியைத் தயார் செய்யுங்கள். விதை மண்ணைத் தொட வேண்டும். புல் மேல் தூவிய விதை பறவைக்கும் எலிக்கும் இரை.

- தொழுவுரம், மட்கு, யூரியா எதையும் போடாதீர்கள். தழைச்சத்து கூடினால் இலை தழைக்கும், பூ குறையும், வேர் முடிச்சும் சரியாக உருவாகாது.

- மரத்தூள், மரப்பட்டைச் சில்லு கொண்டு தடித்த மூடாக்கு போடாதீர்கள். ஈரம் காக்கிறது என்று நாம் நினைப்பதற்குள் தண்டின் அடி அழுகிவிடும்.

விதையின் தோல்

லூபின் வளர்ப்பில் பாதித் தோல்வி இங்கேதான் நிகழ்கிறது. விதைத்தார்கள், முளைக்கவில்லை, விதை சரியில்லை என்று முடிவு கட்டினார்கள். விதை நன்றாகத்தான் இருந்திருக்கும். அதன் மேல்தோல் தண்ணீரை உள்ளே விடவில்லை.

இந்தத் தோல் வீணாக வந்ததல்ல. டெக்சாஸில் ஓர் ஆண்டு மழை பொய்க்கும். அந்த ஆண்டு எல்லா விதையும் முளைத்துக் கருகினால் அந்தக் குன்றில் ப்ளூபானெட்டே இல்லாமல் போய்விடும். ஆகவே சில விதை முதல் ஆண்டு, சில அடுத்த ஆண்டு, சில அதற்கும் பின்னால் என்று முளைக்கும்படி தோலின் கடினம் வேறுபடுகிறது. மண் உராய்ந்து, உறைந்து, உருகி, நெருப்புச் சூடு பட்டுத் தோல் விரியும்போது நீர் உள்ளே போகும்.

லூபின் விதையின் ஆயுளைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. 1954இல் கனடாவின் யூகான் பகுதியில் ஒரு சுரங்கப் பொறியாளர், உறைந்த வண்டலில் லெம்மிங் என்ற எலியினத்தின் பழைய வளைகளுக்குள் லூபின் விதைகளைக் கண்டெடுத்தார். 1967இல் அவற்றில் சிலவற்றை முளைக்க வைத்த அறிஞர்கள், அவை பத்தாயிரம் ஆண்டு பழையவை என்று அறிவித்தார்கள். பாடநூல்கள் வரை அந்தச் செய்தி போனது. 2009இல் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்தபோது அந்த விதைகள் இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, பழைய வளைக்குள் பின்னால் வந்து கலந்தவை என்று தெரிந்தது. ஆகவே யாராவது லூபின் விதை ஆயிரமாண்டு தாங்கும் என்றால் நம்பாதீர்கள். சில ஆண்டுகள் தாங்கும், நம் தோட்டத்துக்கு அது போதும்.

செய்ய வேண்டியவை:

- கொஞ்சம் விதை என்றால் இரண்டு உப்புத்தாள்களுக்கு நடுவே வைத்து மெல்லத் தேயுங்கள். பளபளப்பு மங்கினால் போதும், உள்ளிருக்கும் பருப்பு தெரியக்கூடாது.

- அல்லது வெந்நீர். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு நிமிடம் விட்டு, கிண்ணத்திலுள்ள விதை மேல் ஊற்றி இரவு முழுவதும் ஆறவிடுங்கள். காலையில் இரண்டு மடங்காக உப்பிய விதைகளைத் தனியே எடுங்கள். உப்பாதவற்றைத் தேய்த்து மறுபடி ஊற வையுங்கள். உப்பியவற்றை அன்றே விதைத்துவிட வேண்டும்.

- லூபினுக்கென்று விற்கும் பாக்டீரியாக் கலவையை விதைக்கும் முன் பூசுங்கள். உளுந்துக்கும் நிலக்கடலைக்கும் நம் விவசாயிகள் ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து விதை நேர்த்தி செய்து, நிழலில் உலர்த்தி விதைப்பார்கள். அதே முறை இதற்கும் பொருந்தும். இதுவரை லூபினே விளையாத மண்ணில் இது நல்ல உதவி.

செய்யக்கூடாதவை:

- விதையை அடுப்பில் வைத்துக் கொதிக்க வைக்காதீர்கள். முளை வெந்துவிடும்.

- கந்தக அமிலத்தில் நனைக்கும் முறையை வீட்டில் முயலவே வேண்டாம். வணிக நிறுவனங்கள் தகுந்த பாதுகாப்போடு செய்வது அது. அப்படித் தோல் நீக்கிய விதை என்று உறையில் எழுதியிருந்தால், அதை மறுபடி தேய்க்கவும் கூடாது.

- பட்டாணிக்கோ தீவனப் பயறுக்கோ உரிய பாக்டீரியாவை வாங்கிப் பூசாதீர்கள். அவற்றுக்குரியது லூபினின் வேரில் சரியாகக் குடியேறாது. பூசிய விதையை வெயிலில் காயப் போடாதீர்கள். பூசிய பிறகு வெந்நீர் பக்கமே போகாதீர்கள்.

- கையிலிருக்கும் எல்லா விதையின் தோலையும் தேய்த்துவிடாதீர்கள். இது என் சொந்தப் பரிந்துரை. பாதியைத் தேய்த்து, பாதியை அப்படியே சேர்த்து விதையுங்கள். இந்த ஆண்டு முளைகளுக்கு ஏதாவது கேடு நேர்ந்தால் அடுத்த ஆண்டுக்கு மண்ணில் விதை இருக்கும்.

விதைக்கும் காலம்

டெக்சாஸில் செப்டம்பர் முதல் நவம்பர் நடுப்பகுதி வரை விதைக்க வேண்டும். ப்ளூபானெட் ஓராண்டுச் செடி. இலையுதிர் காலத்தில் முளைத்து, குளிர் முழுவதும் தரையோடு தரையாக வட்டமாகப் படர்ந்து, அந்த மாதங்களில் வேரை இறக்கி, வசந்தத்தில் பூக்கும். பூத்த வயலைப் பார்த்துவிட்டு ஏப்ரலில் விதை வாங்கித் தூவுகிறவர்கள் அடுத்து வரும் கோடைக்கு முளைகளைப் பலி கொடுக்கிறார்கள். வாங்கலாம், ஆனால் செப்டம்பர் வரை எடுத்து வையுங்கள்.

வடக்கில் பெரெனிஸுக்கு இரண்டு வழி. நவம்பரில், தரை உறைவதற்குச் சற்று முன், தோலைத் தேய்க்காத விதையை விதைத்துவிட்டால் பனிக்காலமே அதை முளைப்புக்குத் தயார் செய்யும். வசந்தத்தில் விதைப்பதானால் தோலைத் தேய்த்து, ஈர மணலில் கலந்து ஒரு வாரம் பத்து நாள் குளிர்பெட்டியில் வைத்து விதைக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். தேய்த்த விதையைச் செப்டம்பரில் வடக்கே விதைத்தால் உடனே முளைத்து, வேர் பிடிப்பதற்குள் பனியில் மடியும்.

- கால் அங்குல ஆழம் போதும். அரை அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். தூவி, மண்ணைச் சீய்த்து மூடி, மேலே ஏறி மிதித்து அழுத்துங்கள்.

- முளை வரும் வரை மேல்மண் காயாமல் பூவாளியால் தெளியுங்கள். தோல் தேய்த்த விதை இதமான மண்ணில் இரண்டு வாரத்துக்குள் முளைக்கும். மூன்று, நான்கு இலை விட்டதும் தண்ணீரைக் குறையுங்கள்.

நாற்றும் வேரும்

லூபினின் ஆணிவேர் மேலே இரண்டு இலை தெரியும்போதே கீழே வெகுதூரம் போயிருக்கும். அந்த வேர் அறுந்தால் செடி பிழைப்பது அரிது. அதனால் நிற்கும் இடத்திலேயே விதைப்பதுதான் சிறந்தது. தொட்டியில்தான் தொடங்க வேண்டும் என்றால் ஆழமான, குறுகலான குழாய்த் தொட்டியில் ஒரு விதை, அதிகம் போனால் இரண்டு விதை இடுங்கள். இரண்டு மூன்று உண்மை இலை வந்ததும் மண் உதிராமல் அப்படியே இறக்கி நடுங்கள். வேர் அடியைத் தொட்டுச் சுருள விடாதீர்கள். ஒருமுறை நட்ட செடியை மறுபடி இடம் மாற்றாதீர்கள்.

காட்டிலிருந்தோ சாலையோரத்திலிருந்தோ செடியைத் தோண்டி எடுத்து வராதீர்கள். சட்டம், ஒழுக்கம் ஒருபுறம் இருக்கட்டும். தோண்டிய லூபின் பெரும்பாலும் பிழைக்காது. அங்கேயும் ஒரு செடி குறையும், வீட்டிலும் ஒன்றும் மிஞ்சாது.

நத்தைகளும், தொட்டால் உருண்டையாகச் சுருளும் மரவட்டை போன்ற சிறு பூச்சிகளும் இளம் நாற்றை இரவில் தின்னும். டெக்சாஸில் ப்ளூபானெட்டுக்கு அந்தப் பூச்சிதான் முதல் எதிரி. ஈரமான குப்பையும் மூடாக்கும் அதன் உறைவிடம் என்பதால் நாற்றைச் சுற்றித் தரையைச் சுத்தமாகக் காய வைத்தாலே பாதித் தொல்லை தீரும். முயல், மான், உட்சக் எனப்படும் பெரிய அணிலினம் ஆகியவை வடக்கே தளிரை மேய்ந்துவிடும். முதல் ஆண்டு மட்டுமாவது கம்பி வலை போடுங்கள். வெண்சாம்பல் நிறப் பெரிய அசுவினி பூந்தண்டில் மொய்த்தால் குழாய் நீரைப் பீய்ச்சி உதிர்த்துவிடுங்கள். பூச்சிமருந்து வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.

பொறுத்திருக்க வேண்டிய மாதங்கள்

பெரெனிஸ் முதல் ஆண்டு இலை மட்டும் விடும். பூக்க இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ ஆகும். பூத்து விதை விட்ட பின், கோடை முற்றும்போது இலை மஞ்சளாகி, செடி தரைமட்டத்துக்கு மடங்கிவிடும். செத்துவிட்டது என்று தோண்டிப் பார்க்காதீர்கள், தண்ணீர் ஊற்றி எழுப்பவும் முயலாதீர்கள். வேர் உயிரோடிருக்கிறது, வசந்தத்தில் வரும். நட்ட இடத்தில் ஒரு குச்சியை அடையாளம் வைத்தால் களை எடுக்கும்போது கை தவறாது.

ப்ளூபானெட்டின் குளிர்கால இலைவட்டத்தைக் களை என்று பிடுங்கிவிடாதீர்கள். குளிரில் இலை சிவந்தால் பதறிப் போர்வை போர்த்த வேண்டாம். அந்தக் குளிருக்குப் பழகிய செடிதான் அது. குளிர்காலத்தில் வாரக்கணக்கில் மழை இல்லாவிட்டால் மட்டும் ஒருமுறை நனைத்துவிடுங்கள்.

பூத்த பின்

ப்ளூபானெட் பூவின் மேல் இதழில் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். சில நாளில் அது கருஞ்சிவப்பாக மாறும். வெள்ளைப் பொட்டுள்ள பூவில்தான் நல்ல மகரந்தம் இருக்கிறது என்று தேனீக்குத் தெரியும், சிவந்த பூவை அது தாண்டிப் போய்விடும். பிள்ளைகளை ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து இதைக் கவனிக்கச் சொல்லுங்கள். எந்தப் படத்தையும்விட இது அவர்கள் மனதில் நிற்கும்.

- படம் எடுக்கும்போது பூக்களை மிதித்து நடுவே போகாதீர்கள். ஏற்கெனவே வெற்றாகக் கிடக்கும் இடத்தின் ஓரத்தில் உட்காருங்கள். ஒடிந்த தண்டு அந்த ஆண்டு விதை விடாது, ஓராண்டுச் செடிக்கு விதை ஒன்றுதான் வாரிசு. உட்காரும் முன் தீயெறும்புப் புற்றும் பாம்பும் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியை நெடுஞ்சாலை ஓரத்தில் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

- பூ உதிர்ந்ததும் புல்வெட்டியை எடுக்காதீர்கள். பூத்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் விதை முற்றும். டெக்சாஸ் நெடுஞ்சாலைத் துறையே காட்டுப்பூக்கள் விதை விடும் வரை சாலையோரம் வெட்டுவதைத் தள்ளி வைக்கிறது. பக்கத்து வீட்டார் முகம் சுளித்தால் காரணத்தைச் சொல்லுங்கள், ஒரு சிறு பலகை எழுதி நடுங்கள்.

- நெற்று பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே விதை குலுங்கும்போது பறியுங்கள். பச்சை நெற்றைப் பறித்தால் விதை சுருங்கிவிடும். ஒருநாள் பிந்தினாலும் வெயிலில் நெற்று முறுக்கி வெடித்து விதையைப் பல அடி தூரம் எறிந்துவிடும். பறித்ததைக் காகிதப் பையில் போட்டு வாயை மடித்து வையுங்கள். பைக்குள் அது வெடிக்கும் சத்தம் கேட்கும். பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

- எல்லா நெற்றையும் பறிக்காதீர்கள். உங்கள் பாத்தியில் பாதியையாவது மண்ணுக்கு விடுங்கள். பிறர் நிலத்திலோ காட்டிலோ என்றால் அனுமதி பெறாமல் தொட வேண்டாம். அனுமதி இருந்தாலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

குழந்தைகளும் கால்நடையும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் மறக்கக்கூடாது. காட்டு லூபின் விதையிலும் இலையிலும் நச்சுள்ள ஆல்கலாய்டுகள் உண்டு. நெற்றைப் பார்த்தால் பயறு போலவே இருக்கும், பிள்ளை வாயில் போடத் தோன்றும். சமைத்துப் பார்க்கும் எண்ணமே வேண்டாம். கடைகளில் உணவாக விற்கும் லூபின் பயறு வேறு இனம், அதிலும் கசப்பு வகையைப் பல நாள் தண்ணீர் மாற்றி ஊறவைத்துக் கசப்பை எடுத்துத்தான் உண்கிறார்கள். நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அமெரிக்காவின் மேற்கு மேய்ச்சல் நிலங்களில் சில லூபின்களைச் சினைப் பசுக்கள் தின்றதால் கால் கோணிய கன்றுகள் பிறந்திருக்கின்றன. மாடோ ஆடோ வைத்திருப்பவர்கள் மேய்ச்சல் பக்கம் இதை விதைக்க வேண்டாம்.

யாருக்காக வளர்க்கிறோம்

பெரெனிஸைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு சொல்ல ஒரு காரணம் உண்டு. கார்னர் நீலம் என்றொரு வண்ணத்துப்பூச்சி. நம் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. நாவலாசிரியர் விளாதிமிர் நபகோவ் பூச்சியியல் அறிஞராகவும் இருந்தவர். நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனி அருகே கார்னர் என்ற இடத்துப் பூச்சிகளைக் கொண்டு 1940களில் இதைத் தனி வகையாக விவரித்தவர் அவரே. இதன் புழு பெரெனிஸின் இலையைத் தவிர வேறெதையும் தின்னாது. ஓக் காடுகள் வெட்டுப்பட்டு, மணல் நிலங்களில் வீடுகள் எழுந்து, இயற்கைத் தீ தடுக்கப்பட்டு மரங்கள் அடர்ந்து நிழல் கூடியபோது லூபின் குறைந்தது. லூபினோடு பூச்சியும் போனது. 1992இல் அமெரிக்க அரசு இதை அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவித்தது. கனடாவின் ஒன்டாரியோவில் இப்போது இது இல்லை. ஆல்பனி பைன் புஷ் காப்பகத்தில் மட்டுப்படுத்திய தீ மூட்டி, லூபின் விதைத்து மீட்டு வருகிறார்கள்.

கைவிட்டதெல்லாம் போய்விடுவதில்லை என்பதற்கு ஓரிகனில் ஒரு சான்று இருக்கிறது. அங்கே ஃபெண்டர் நீலம் என்ற வண்ணத்துப்பூச்சி 1937க்குப் பின் காணாமல் போய், 1989இல் மீண்டும் கண்ணில் பட்டது. அதன் புழு பெரிதும் கின்கெய்ட் லூபினை நம்பி வாழ்கிறது. அந்த லூபினை வயல் வயலாக விதைத்ததில் பூச்சி பெருகி, 2023இல் அழியும் நிலை என்ற பட்டியலிலிருந்து ஒரு படி தணிந்து, அச்சுறுத்தலில் உள்ளது என்ற நிலைக்கு வந்தது.

ஆகவே:

- லூபினைத் தனியே நடாமல், அதே மண்ணுக்குரிய லிட்டில் புளூஸ்டெம் புல், ஆரஞ்சு எருக்கு வகையான பட்டர்ஃபிளை வீட், பெர்கமாட் போன்றவற்றையும் சேர்த்து விதையுங்கள். லூபின் பூத்து ஓய்ந்த ஜூலை, ஆகஸ்டில் கார்னர் நீலத்தின் இரண்டாம் தலைமுறைப் பூச்சிகளுக்குத் தேன் வேண்டும்.

- இலையில் பச்சையம் சுரண்டப்பட்டு, கண்ணாடி போல் மெல்லிய தோல் மட்டும் மிஞ்சியிருந்தால் மருந்து அடிக்காதீர்கள். யார் தின்றது என்று முதலில் பாருங்கள். பக்கத்தில் எறும்பு சுற்றினால் அதையும் விரட்டாதீர்கள். கார்னர் நீலத்தின் புழு சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது.

- காய்ந்த தண்டையும் சருகையும் அக்டோபரில் வாரிக் குப்பையில் போடாதீர்கள். இரண்டாம் தலைமுறை இட்ட முட்டைகள் அவற்றில்தான் பனிக்காலம் கழித்து ஏப்ரலில் பொரியும்.

- வண்ணத்துப்பூச்சியையோ முட்டையையோ எங்கிருந்தும் பிடித்து வந்து விடாதீர்கள். சட்டப்படி குற்றம். கார்னர் நீலம் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. அருகில் ஏற்கெனவே கூட்டம் இல்லாவிட்டால் உங்கள் கொல்லைக்கு அது வராது. வராவிட்டாலும் நஷ்டமில்லை. வண்டுத் தேனீக்கள் வரும்.

இரண்டு மூன்று ஆண்டில் உங்கள் பாத்தியிலேயே விதை மிஞ்சும். அதில் ஒரு கைப்பிடியைத் தெருவிலுள்ள இன்னொரு வீட்டுக்கோ, பிள்ளைகளின் பள்ளித் தோட்டத்துக்கோ, உங்கள் தமிழ்ப் பள்ளியின் வளாகத்துக்கோ கொடுங்கள். கொடுக்கும் உறையின் மேல் இனத்தின் முழுப்பெயர், விளைந்த ஊர், பறித்த மாதம், ஆண்டு ஆகியவற்றை மறக்காமல் எழுதுங்கள்.